ரயிலில் பாடிய சிறுமி, லட்ச ரூபாய் கேட்ட குரல்: கே.பி.சுந்தராம்பாள் கதை

பொன்னேரியில் இருந்து பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினால், நடுவில் திருப்பாலைவனம் வரும். திருப்பாலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அதைத் தாண்டிப் போனால் காற்றில் உப்பு வாசனை, ஏரி, படகு, இறால் கூடை. ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை இந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். அஞ்சு மணிக்கே ஏதாவது ஒரு ஊரில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். கரகர சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல் கிளம்பி வரும். மைக்கே இல்லாவிட்டாலும் அக்கரை வரை கேட்கும்போல, அப்படியொரு கணீர்.

அந்தக் குரலை உங்களுக்கும் தெரியும். பேர் தெரியாமல் இருக்கலாம். 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்டு மலையேறிவிட்ட முருகனைப் பாடிச் சமாதானம் செய்கிற ஔவைப்பாட்டி ஞாபகம் இருக்கா? மீம்ஸில்கூட அந்தக் காட்சி சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. அந்தப் பாட்டிதான் கே.பி.சுந்தராம்பாள். கே.பி.எஸ்!

நாம் எல்லோரும் அவரைப் பாட்டியாகவே பார்த்துவிட்டோம். விபூதிப் பட்டை, வெள்ளைச் சேலை, கையில் கோல். ஆனால் அந்தப் பாட்டிக்கு முன்னால் ஒரு பெண் இருந்தார். தென்னிந்தியாவும் இலங்கையும் டிக்கெட் வாங்கிக் கேட்ட ஸ்டார். இசைத்தட்டுகள் விற்றுத் தீர்ந்த பாடகி. இப்போதைய பாஷையில் சொன்னால் அந்தக் காலத்து பாப் சென்சேஷன். காதலித்தவர், ஏமாந்தவர், 25 வயதில் எல்லாம் முடிந்துபோனது என்று ஊர் நினைத்தபோது திரும்பி வந்து தன் விலையைத் தானே சொன்னவர். அந்தக் கதையைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால், பழவேற்காட்டு ஏரியின் ஒரு வார்த்தையைத் தெரிஞ்சுக்கங்க. 'பாடு'. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று மீனவ ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற பழைய ஏற்பாட்டுக்குப் பேர் பாடு. உங்கள் பாடு வந்தால் நீங்கள் வலை போடலாம், வராவிட்டால் கரையில் நிற்க வேண்டியதுதான். அந்த உரிமை ஆண்கள் பேரில்தான் இருந்துவந்திருக்கிறது. இறாலைக் கூடையில் சுமப்பதும் விற்பதும் பெண்களின் வேலை. ஏரியில் முறை கேட்பது அவர்கள் வேலை இல்லை. இந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொண்டு வாங்க. கே.பி.எஸ்ஸின் கதையே தனக்கு ஒரு பாடு கேட்ட பெண்ணின் கதைதான்.

கொடுமுடி டு கரூர்

முழுப்பெயர் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். கொடுமுடி ஊர், பாலாம்பாள் அம்மா. இனிஷியலில் அப்பா பேர் இல்லை என்பதைக் கவனிச்சீங்களா? 1908 அக்டோபரில், காவிரிக் கரையில், மகுடேஸ்வரர் கோயில் இருக்கிற கொடுமுடியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, மூன்று குழந்தைகளோடு நின்ற அம்மாவுக்குக் கிடைத்தது பசி மட்டும்தான்.

கொடுமுடி, ஈரோடு-திருச்சி ரயில் பாதையில் இருக்கிற ஊர். அந்த ரயில்தான் சின்னப் பெண்ணுக்கு முதல் மேடை. பெட்டி பெட்டியாக ஏறிப் பாடினால் யாராவது காலணா, அரையணா போடுவார்கள். இப்போதும் மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும்போது பாடிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீங்க. காதில் இயர்போன் இருப்பதால் பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. அன்றைக்கு ஒருவர் கேட்டார்.

அவர் எஃப்.ஜி.நடேச அய்யர் என்கிறது பரவலாகச் சொல்லப்படும் கதை. திருச்சியில் ரயில்வே அதிகாரி. வேலை ரயிலில், உயிர் நாடகத்தில். ரசிக ரஞ்சன சபாவைத் திருச்சியில் ஆரம்பித்தவர் அவர்தான். ரயிலில் பாடிய பெண்ணின் குரல் அவரை நிறுத்தியது. கரூரில் ஒரு போலீஸ் அதிகாரிதான் முதலில் கண்டுகொண்டார் என்று இன்னொரு கதையும் உண்டு. எப்படியோ, பத்து வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் வேலு நாயரின் நாடக கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழுகிற குழந்தை வேஷம். பசியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்த ஜனங்கள் சேர்ந்து அழுதார்கள்.

விடிய விடிய ஸ்பெஷல்

அந்தக் கால நாடகம் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்போதுதான் திரை விழும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் சூப்பர் ஹிட் கதைகள். அதில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு வகை. ஒரு ஊரில் இருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரில் இருந்து ஸ்திரீபார்ட், வேறெங்கிருந்தோ பபூன், ஹார்மோனியக்காரர். எல்லோரும் அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். மேடையில் யார் யாரைப் பாட்டில் மடக்குகிறார்கள் என்பதுதான் டிக்கெட்டின் விலை. இன்றைக்கு ராப் பேட்டில் பார்க்கிறீங்களே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கவில்லை என்றால் கூச்சல்தான். அடுத்த ஸ்பெஷலுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த மேடையின் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது முழுக்க வயல்காட்டுப் பாட்டும் இல்லை, சபாவில் உட்கார்ந்து தலையாட்டுகிற சங்கீதமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. காவடிச்சிந்து இருக்கும், கர்னாடக ராகம் இருக்கும், பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டும் இருக்கும். அமெரிக்காவில் கிராமத்துப் பாட்டையும் நகரத்துப் பாட்டையும் கலந்து கன்ட்ரி பாப் என்று விற்றார்களே, நம்ம ஊரில் அந்த வேலையை நாடகக் கொட்டகை எப்போதோ செய்துவிட்டது. வித்வான்கள் அதை ஒரு படி கீழே வைத்துப் பார்த்தார்கள். ஜனங்களோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சுந்தராம்பாள் வளர்ந்தது அங்கேதான். குருகுலம் கிடையாது, சிஷ்யப் பரம்பரை கிடையாது. கேட்டுக் கேட்டு, பாடிப் பாடி வந்த ஞானம். கூடவே அந்தக் குரல். மேலே போகப் போக மெலியாத குரல். பெண்கள் மேடையேறுவதே கேவலம் என்று பேசிய காலத்தில், அவர் ஸ்திரீபார்ட் மட்டுமல்ல, ராஜபார்ட் வேஷமும் கட்டினார். முருகனாக, நந்தனாராக, ஆண் வேஷத்தில் வந்து நின்று பாடினார்.

இலங்கையில் ஒரு சந்திப்பு

அந்த நாளில் தமிழ் நாடகத்துக்கு இலங்கை பெரிய மார்க்கெட். இன்றைக்கு நம் பாடகர்கள் சிங்கப்பூர், துபாய் போகிற மாதிரி அன்றைக்கு கொழும்பு. 1926-ல் அங்கேதான் எஸ்.ஜி.கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் ஏறினார்கள்.

கிட்டப்பா யார்? செங்கோட்டைக்காரர், 1906-ல் பிறந்தவர். ஆறேழு வயதில் மேடை ஏறி, இருபது வயதுக்குள் நாடக உலகின் முடிசூடா மன்னன் ஆனவர். அவர் உச்சஸ்தாயியில் போய் நின்றால், கீழே இறங்கிவர ஜனங்கள் விடமாட்டார்கள். ஒன்ஸ்மோர் மேல் ஒன்ஸ்மோர். அப்படிப்பட்டவர் எதிரில் பாட அனுபவசாலிகளே தயங்கினார்கள். சுந்தராம்பாளுக்கு 18 வயது. தயங்கவில்லை. அவர் ஏறினால் இவரும் ஏறினார். அவர் ஒரு சங்கதி போட்டால் இவர் இரண்டு. அந்த ஜோடி ஒரே சீசனில் பத்திக்கிச்சு.

மேடையில் பத்தியது மேடைக்கு வெளியேயும் பரவியது. 1927-ல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. அவர் பிராமணர், இவர் வேறு சாதி. ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கமென்ட் செக்‌ஷன் என்ற பேர்தான் அன்றைக்கு இல்லையே தவிர, கமென்ட்டுக்குக் குறைச்சல் இல்லை.

இருவரும் சேர்ந்து ஊர் ஊராக 'வள்ளி திருமணம்' போட்டார்கள். அவர் வேலன், இவர் வள்ளி. இரண்டு பேருமே தேசிய இயக்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். கதர் கட்டினார்கள். புராண நாடகத்தின் நடுவில் விடுதலைப் பாட்டு நுழையும். போலீஸ் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற காலம் அது.

ஆனால் வீட்டுக்குள் அந்த ஜோடி மேடையில் இருந்த மாதிரி இல்லை. கிட்டப்பா செங்கோட்டைக்குப் போனால் திரும்பி வருவதில் நிச்சயம் இல்லை. குடியும் சேர்ந்துகொண்டது. சுந்தராம்பாள் கடிதம் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் அச்சிலும் வந்தன. தேடிப் படித்துப் பாருங்கள். பல்லாயிரம் பேர் கைதட்டிய ஒரு பாடகி, ஒரே ஒருவரின் பதிலுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருப்பது அதில் தெரியும். பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. 'ப்ளூ டிக் வந்தும் ரிப்ளை வரலை' என்று நாம் படுகிற பாட்டுக்கு நூறு வருஷ வரலாறு இருக்கு பாஸ். அவர் பட்டது அதைவிடப் பல மடங்கு பெரிய பாடு.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைச் சேலை

அன்றைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். மேடையை விட்டே கொஞ்ச காலம் ஒதுங்கி இருந்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். இந்த வெள்ளைச் சேலையை வைத்து அவரைத் தெய்வமாக்கிவிட்ட கட்டுரைகள் ஏராளம். பத்தினி, தியாகி, துறவி. ஒரு இளம் பெண் வாழ்நாள் முழுக்க வெள்ளை கட்டுவதைப் பார்த்துக் கைதட்டுகிற சமூகத்தில், அது முழுக்க அவருடைய விருப்பம் மட்டும்தானா, அந்தக் காலம் விட்ட ஒரே வழியா என்று நீங்களும் நானும் இப்போது கேட்கலாம். கேட்கவும் வேண்டும். மேடையில் வாழ்கிற ஒரு பெண், கணவன் இல்லாமல், கிசுகிசுவிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தச் சேலை ஒரு கவசமாகவும் இருந்திருக்கும். எது எப்படியோ, அவர் சேலையை மாற்றவில்லை. ஆனால் வீட்டுக்குள் மூலையில் உட்காரவும் இல்லை. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் மறுபடி பாட வரும்படி வற்புறுத்தினார்கள். அவர் வந்தார். ஜோடி இல்லாத வேஷமாகப் பார்த்து எடுத்தார். அதில் முதலில் வந்தது நந்தனார். ஆண் வேஷம். கோயிலுக்குள் விடப்படாத ஒரு பக்தனின் வேஷம்.

ஒரு லட்சம்!

தமிழில் பேசும்படம் வந்தது 1931-ல். நாடக நட்சத்திரங்கள் எல்லாம் சினிமாவுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். சுந்தராம்பாளுக்கு அதில் ஆர்வம் இல்லை. 'பக்த நந்தனார்' எடுக்க நினைத்த தயாரிப்பாளர் அசன்தாஸ் விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தார். ஆளை எப்படியாவது அனுப்பிவிடலாம் என்று சுந்தராம்பாள் ஒரு தொகை சொன்னார். ஒரு லட்ச ரூபாய்.

அந்தத் தொகை எவ்வளவு பெருசு தெரியுமா? 1935-ல் ஒரு சவரன் தங்கம் ஏறக்குறைய 25 ரூபாய். லட்ச ரூபாய்க்கு நாலாயிரம் சவரன் வாங்கலாம். இன்றைய விலையில் நீங்களே கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பாருங்கள். கேட்டதும் ஓடிப்போவார் என்று நினைத்த தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். இந்திய சினிமாவில் ஒரு லட்சம் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என்று கே.பி.எஸ்ஸைச் சொல்வார்கள். கவனியுங்கள், முதல் நடிகை என்று அல்ல. ஆண், பெண் இரு பாலரிலும் முதல் ஆள்.

மாணிக்லால் டாண்டன் இயக்கினார். வேதியராக நடித்தவர் கர்னாடக சங்கீத உலகின் பெரிய பெயரான மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர். ரயிலில் காலணாவுக்குப் பாடிய பெண் கதாநாயகன். சபாவில் கொண்டாடப்பட்ட வித்வான் அவருக்குத் துணைப் பாத்திரம். இருபது வருஷத்துக்குள் எவ்வளவு தூரம் பாருங்கள்!

படம் பெரிதாக ஓடவில்லை. கல்கி தன் விமர்சனத்தில் வாரிக் கிண்டல் செய்தார். அதனால் என்ன? நாடகத்தில் அவர் விலை குறையவில்லை. இசைத்தட்டு விற்பனையும் நிற்கவில்லை. ஒரு ஃப்ளாப் வந்தால் கரியர் முடிந்தது என்று பதறுகிற நமக்கு இது முக்கியமான தகவல். அடுத்த படமான 'மணிமேகலை' வந்தது 1940-ல். அதற்கடுத்தது 13 வருஷம் கழித்து. வாழ்க்கை முழுக்க அவர் நடித்த படங்களை எண்ண இரண்டு கை விரல்களுக்குச் சற்று அதிகமாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மூணு நிமிஷப் பாட்டு

சினிமாவில் அடிக்கடி தலைகாட்டாத ஒருவர் எப்படி வீட்டுக்கு வீடு தெரிந்த பாடகி ஆனார்? பதில், இசைத்தட்டு.

அரக்கால் செய்த கறுப்புத் தட்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் இடம். விடிய விடியப் பாடிப் பழகியவர் அந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தைக் காட்ட வேண்டும், பல்லவி சரணம் முடிக்க வேண்டும், கேட்கிறவர் கண்ணில் தண்ணீரும் வர வேண்டும். எடிட் பண்ண முடியாது. தப்பு விட்டால் முதலில் இருந்து. ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்.

அவர் தட்டுகள் பக்திக்கு ஒன்று, தேசத்துக்கு ஒன்று என்று வந்தன. காந்தியைப் பற்றிய பாட்டுகள் ஊர் ஊராகப் போயின. பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தத் தட்டுதான் பேப்பர். டீக்கடை, கல்யாண வீடு, திருவிழா என்று கிராமபோன் எங்கே இருந்ததோ அங்கே அவர் இருந்தார். பிறகு குழாய் ஸ்பீக்கர் வந்தது. அது நகரம், கிராமம், கடற்கரைக் குப்பம் என்று பேதம் பார்க்கவில்லை. கொங்கு நாட்டில் பிறந்த குரல் பழவேற்காட்டு ஏரிக்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

காங்கிரஸ் கூட்டங்களில் தலைவர்கள் பேசுவதற்கு முன்னால் அவர் பாடுவார். ஜனம் சேருவது பாட்டுக்கு, அதன் பிறகுதான் பேச்சுக்கு. காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்ததாகவும், தங்கத் தட்டில் பரிமாறப்பட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, தட்டு கிடையாதா என்று கேட்டு அதையும் நன்கொடையாக வாங்கிக்கொண்டு போனதாகவும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1950-களில் காங்கிரஸ் அவரை மெட்ராஸ் சட்ட மேலவை உறுப்பினராக்கியது. தமிழ்நாட்டு அரசியலும் சினிமாவும் கைகோத்ததைப் பேசும்போது நாம் எங்கெங்கோ ஆரம்பிக்கிறோம். எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் முன்னால் அந்தக் கதவைத் தாண்டிப் போனவர் ஒரு நாடகப் பாடகி.

தமிழிசை இயக்கம் வந்தபோதும் அவர் முன்வரிசையில் நின்றார். தெலுங்குக் கீர்த்தனையே சங்கீதம் என்று இருந்த மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கும் இடம் வேண்டும் என்று கேட்ட இயக்கம் அது. நாடகக்காரி என்று ஒரு படி கீழே வைத்துப் பார்க்கப்பட்டவருக்குத் தமிழ் இசைச் சங்கம் 1966-ல் இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்தது.

இளமை வேண்டாம் என்ற இரண்டு பேர்

1953. ஜெமினி எஸ்.எஸ்.வாசன் பிரம்மாண்டமாக எடுத்த படம் 'ஔவையார்'. இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. ஔவையாக நடிக்க வாசனுக்கு வேறு யாரையும் யோசிக்க முடியவில்லை. சுந்தராம்பாளுக்கு அப்போது 44 வயதுதான். படம் மாபெரும் வெற்றி.

ஔவை கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணம் பேசுகிறார்கள். தமிழும் பாட்டும் போதும், இந்த அழகும் இளமையும் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டு கிழவியாகிவிடுகிறாள் அந்தப் பெண். அதன் பிறகுதான் அவளால் தனியாக நாடு முழுக்க நடக்க முடிகிறது. அரசனிடம் நேருக்கு நேர் பேச முடிகிறது. 20 வருஷம் கழித்து 1973-ல் சுந்தராம்பாள் நடித்த 'காரைக்கால் அம்மையார்' கதையும் அதேதான். கணவன் விட்டுப் போனபின் அழகை உதறிப் பேயுருவம் கேட்டவர் அம்மையார். அவர் தலையாலேயே நடந்து போனதாகச் சொல்லப்படுகிற திருவாலங்காடு, இந்தத் திருப்பாலைவனம் இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இரண்டு வேஷமும் சுந்தராம்பாளுக்கு ஏன் அப்படிப் பொருந்தின என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? 25 வயதில் அவரும் அதைத்தானே செய்தார். இளமையைக் கழற்றி வைத்தால்தான் ஒரு பெண்ணைத் தனியாக நடக்கவிடுவார்கள் என்றால், அந்த விலையையும் கொடுத்துவிட்டு நடந்தார். அந்த விலை நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கேட்ட காலத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

1964-ல் 'பூம்புகார்'. மு.கருணாநிதி எழுதிய படம். கவுந்தியடிகளாக சுந்தராம்பாள். அவர் காங்கிரஸ், முருக பக்தை. எழுதியவர் தி.மு.க., பகுத்தறிவுப் பாசறை. கட்சி சண்டை உச்சத்தில் இருந்த நேரம். ஆனாலும் அந்தக் குரல் இருவருக்கும் பொதுவானது. அடுத்த வருஷம் ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. கே.வி.மகாதேவன் இசை. மாம்பழச் சண்டையில் கோபித்துக்கொண்ட முருகனிடம் ஔவை பாடுகிற காட்சி. 56 வயதில், நாடக மேடையின் அதே உச்சஸ்தாயி. 'கந்தன் கருணை' 1967-ல். 1969-ல் சாண்டோ சின்னப்பா தேவரின் 'துணைவன்' வந்தது. அந்தப் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியாச்சு. 1970-ல் பத்மஸ்ரீ. சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு தியேட்டர் கட்டினார். ரயிலில் ஏறிக் கையேந்திய ஊரில், அவர் பேரில் ஒரு கட்டடம்.

1980 செப்டம்பரில், 71 வயதில் அவர் குரல் ஓய்ந்தது.

உங்க பாடு எப்போ?

திரும்ப ஏரிக்கரைக்கு வருவோம். நான் போன அன்றைக்கு விடிந்ததும் ஸ்பீக்கரில் பாட்டு மாறிவிட்டது. ஏதோ புதுப்படக் குத்து. மீன் ஏலத்துக்குக் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் மட்டும் பழைய பாட்டை விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல குரல். பாடுவீங்களா என்று கேட்டேன். சின்ன வயசில் அம்மன் கோயில் திருவிழாவில் பாடுவாராம். வயசுக்கு வந்தபிறகு வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால் சுந்தராம்பாளுக்கு ரயில் கிடைத்தது, கேட்கிற காது ஒன்று கிடைத்தது. அவரைப்போல எத்தனை பேர் பாடி, யாரும் கேட்காமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போயிருப்பார்கள்? இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற போன் ஒரு இசைத்தட்டுக் கம்பெனியைவிடப் பெரியது. ஆனால் பொண்ணு எதுக்குப் பாடணும் என்று கேட்கிற வீடு இன்னும் இருக்கிறது. ஓசியில் பாடிட்டுப் போம்மா, பேர் கிடைக்கும்ல என்கிற ஏற்பாட்டாளரும் இருக்கிறார்.

அதனால் இரண்டே விஷயம். ஒன்று, இன்றைக்கு ராத்திரி இயர்போனை மாட்டிக்கொண்டு கே.பி.எஸ் என்று தேடி ஒரு பாட்டைக் கேளுங்கள். பழைய தட்டின் கரகரப்பைப் பொறுத்துக்கொண்டு கேட்டால், ரயில் பெட்டியில் பாடிய அந்தச் சின்னப் பெண்ணும் உள்ளே இருப்பது தெரியும். இரண்டு, உங்கள் வீட்டில் யாராவது பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினால், ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். பாடச் சொல்லுங்கள்.

அதோடு, உங்கள் திறமைக்கு யாராவது விலை கேட்டால் கூசாமல் சொல்லுங்கள். ஆளைத் துரத்தலாம் என்று நினைத்து ஒருவர் சொன்ன தொகைதான் அந்த ஒரு லட்சம்!